கசிந்த கேஸ் அல்ல, எரிந்த கேஸ்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லாட்ஜ் குளியலறையில் ஒருவர் இறந்து கிடந்தார் என்ற செய்தியை எல்லாரும் எப்போதாவது படித்திருப்போம். பெரும்பாலும் நாலு வரிதான் இருக்கும். 'எரிவாயு கசிந்து மூச்சுத்திணறி' என்று அதில் போட்டிருக்கும். நானும் அதைப் படித்து, ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பியவள்தான். அந்த நாலு வரியில் பல சமயம் ஒரு சொல் தவறாக இருக்கிறது என்று இப்போது எனக்குத் தெரியும். அதைத் திருத்தும்படி கேட்டுத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். கணக்கு எழுதிப் பிழைக்கிறவள் நான். ஓர் எண் இடம் மாறினாலே தூக்கம் வராது. இது அதைவிடப் பெரிய பிழை.

எங்கள் 25ஆவது திருமண நாளுக்கு நானும் என் கணவரும் காரிலேயே கடற்கரை வரை போய்வரலாம் என்று கிளம்பினோம். இரண்டு பேரும் மாறி மாறி ஓட்டுவதாக ஏற்பாடு. பிள்ளைகள் வளர்ந்து, அவரவர் வேலைக்குப் போன பிறகு, நாங்கள் இருவர் மட்டும் போகிற முதல் நீண்ட பயணம் அது. சாயங்காலமே போய்ச் சேர்ந்திருக்க வேண்டியது. வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு பாலத்துக்கு முன்னால் வண்டிகள் இரண்டு மணி நேரம் நகரவே இல்லை. இரவு பத்தரை மணிக்கு, இன்னும் மூன்று மணி நேரம்தான், ஓட்டிவிடலாம் என்றார் அவர். நான் முடியாது என்றேன். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்தவர்கள் நாங்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது ஏறியவரின் கவனம் அளவுக்கு மங்கிப்போகும் என்று ஆய்வாளர்கள் அளந்து சொல்லியிருக்கிறார்கள். நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார், ஓட்டுநர் நான்கு விநாடி கண் அயர்ந்தால் நூறு மீட்டருக்கு மேல் தானாகவே ஓடிவிடும். ஆகவே சாலையோரத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்த முதல் லாட்ஜில் நிறுத்தினோம். நிறுத்தியது சரிதான் என்று இன்றைக்கும் சொல்வேன். இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு யாரும் லாட்ஜுக்குப் பயந்து இரவு முழுக்க வண்டி ஓட்டிவிடக் கூடாது.

அறையைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. படுக்கை விரிப்பு துவைத்து மடித்த மடிப்புக் கலையாமல் இருந்தது. கதவுத் தாழ்ப்பாள் உறுதியாக விழுந்தது. "காலையில் வெந்நீர் தடையில்லாமல் வரும் அம்மா, கேஸ் கீசர் போட்டிருக்கிறோம்" என்று அறையைக் காட்டிய பையன் பெருமையாகச் சொன்னான். நான் நன்றி சொன்னேன். குளியலறைக்குள் எட்டிப் பார்த்தேன், சுத்தமாகத்தான் இருந்தது. சுத்தமாக இருக்கிறதா என்று மட்டும்தானே நாம் பார்க்கிறோம்.

காலை ஐந்தரைக்கு அவர் குளிக்கப் போனார். நான் பையைப் பிரித்து உடுப்புகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஷவர் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து அந்தச் சத்தத்தில் எனக்கு ஏதோ உறுத்தியது. என்ன என்று முதலில் பிடிபடவில்லை. ஒருவர் ஷவருக்கு அடியில் நின்று குளிக்கும்போது தண்ணீர்ச் சத்தம் மாறிக்கொண்டே இருக்கும். தலையில் விழும்போது ஒரு சத்தம், திரும்பினால் வேறு சத்தம், விலகி நின்று சோப்புப் போடும்போது தரையில் மட்டும் விழுகிற சத்தம். அன்றைக்கு அது ஒரே சீராக, சற்றும் மாறாமல், விழுந்துகொண்டே இருந்தது. "என்னங்க" என்றேன். பதில் இல்லை. கதவைத் தட்டினேன். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தார். அதன்பிறகு நான் கூப்பிட்ட கூப்பாட்டில் பக்கத்து அறையில் தங்கியிருந்த லாரி ஓட்டுநர் ஓடிவந்தார். இரண்டாவது உதையில் பிளாஸ்டிக் கதவு உடைந்தது.

அவர் சுவரில் சாய்ந்து, கால்களை நீட்டி உட்கார்ந்த நிலையில் இருந்தார். தூங்குகிறவர் மாதிரியே இருந்தது. முகம் நீலம் பாரிக்கவில்லை. மூச்சுத்திணறியவரின் முகம் என்று நாம் நினைக்கிற எதுவும் அந்த முகத்தில் இல்லை. உள்ளே ஒரு வாடையும் இல்லை. லாரி ஓட்டுநர்தான் முதலில் கீசரை நிறுத்தினார். "இங்கே நிற்காதீர்கள் அம்மா, அவரைக் காற்றாட வெளியே கொண்டு போகலாம்" என்று அவர் தோளைப் பிடிக்க, நான் காலைப் பிடித்தேன். வராந்தாவில் கிடத்தினோம். மழை ஓய்ந்து நல்ல குளிர்ந்த காற்று அடித்துக்கொண்டிருந்தது. சில நிமிடங்களில் கண்ணைத் திறந்தார். வாந்தி எடுத்தார். என்னைப் பார்த்து, ஊர் வந்துவிட்டதா என்று கேட்டார்.

அந்த ஓட்டுநரின் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரி வாசல் வரை எங்கள் காரை ஓட்டிவந்து, சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போனவர் அவர். இதைப் படித்தால் என் நன்றி அவருக்குச் சேரட்டும்.

ஆஸ்பத்திரியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். விரலில் மாட்டிப் பார்க்கிற சின்னக் கருவியில் ஆக்ஸிஜன் 98 என்று காட்டியது. ஒன்றும் இல்லை, களைப்பில் வந்த மயக்கம், ஓய்வெடுத்தால் போதும் என்று அங்கே இருந்த உதவியாளர் சொன்னார். நானும் நம்பத் தயாராகத்தான் இருந்தேன். அந்த நேரம் வந்த டாக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "குளியலறையில் கேஸ் கீசர் இருந்ததா?" இருந்தது என்றதும் மூக்கையும் வாயையும் மூடிய முகமூடி வழியாக முழு ஆக்ஸிஜன் வைக்கச் சொன்னார், ரத்தத்தை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு கலந்திருந்தது.

அதன்பிறகு டாக்டரிடம் கேட்டும் படித்தும் நான் தெரிந்துகொண்டது இது. கேஸ் எரிவதற்கு நிறையக் காற்று வேண்டும். சிலிண்டரில் வருவது பெரும்பாலும் புரொப்பேனும் பியூட்டேனும்தான். அதில் ஒரு பங்கு முழுமையாக எரிய, 24 முதல் 31 பங்கு வரை காற்று தேவை. நாலு சுவருக்குள், கதவைச் சாத்திக்கொண்டு, சின்னக் குளியலறையில் அது எரியும்போது இருக்கிற ஆக்ஸிஜன் குறைந்துகொண்டே போகிறது. ஆக்ஸிஜன் போதாமல் அரைகுறையாக எரிகிற நெருப்பு கார்பன் மோனாக்சைடை உண்டாக்குகிறது. அதற்கு நிறம் இல்லை, வாடை இல்லை, கண்ணும் எரியாது. ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினோடு அது ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்கிறது. விரலில் மாட்டுகிற சாதாரணக் கருவிக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆக்ஸிஜனைச் சுமக்கிற ரத்தம் என்றே அது நினைத்துக்கொள்கிறது. அதனால்தான் 98. சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் ரத்தத்தில் இருக்கிற இந்த நச்சு பாதியாகக் குறையவே நான்கைந்து மணி நேரம் ஆகுமாம். முழு ஆக்ஸிஜன் கொடுத்தால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதியாகிறது. டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டிராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்க எனக்கு இப்போதும் மனம் வரவில்லை.

இனி, அந்தச் சொல். 'எரிவாயு கசிவு' என்று எழுதினால் படிப்பவர் என்ன நினைப்பார்? குழாயில் எங்கோ ஓட்டை, கேஸ் வெளியேறியிருக்கிறது, வாடை வந்திருக்கும், கவனிக்காமல் விட்டிருப்பார் என்று நினைப்பார். சமையல் கேஸுக்கு இயல்பாக வாடை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே மெர்காப்டன் என்ற பொருளைக் கலந்து அனுப்புகிறார்கள். கேஸ் எரியும்போது அதுவும் சேர்ந்து எரிந்துவிடுகிறது. அப்புறம் எந்த மூக்குக்கும் ஒன்றும் தெரியாது. லாட்ஜ் உரிமையாளரைப் பார்க்க நான் திரும்பப் போனபோது அவர் முதலில் சொன்னதும் அதுதான்: "கேஸ் வாடையே இல்லையே அம்மா. குழாய், ரெகுலேட்டர் எல்லாம் புதுசு." பொய் சொல்லவில்லை. குழாயும் புதுசுதான், ரெகுலேட்டரும் புதுசுதான். ஒரு சொட்டுக் கேஸ்கூடக் கசியவில்லை. கசிவுக்குத்தான் பயப்பட வேண்டும் என்று நம்பியிருந்ததால், கசிவில்லாமல் பார்த்துக்கொண்டதோடு தன் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டார். மூன்று வருடமாக ஓடுகிறது, யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை என்றார். எத்தனை பேர் தலைவலியோடு கிளம்பிப்போய், பயண அலுப்பு என்று நினைத்திருப்பார்களோ!

இரண்டு பேருமாகக் குளியலறைக்குள் போய்ப் பார்த்தோம். கீசருக்கு வெளியே போகிற புகைக்குழாய் இல்லை. மேலே, கூரையை ஒட்டி, ஒரு சின்ன வென்டிலேட்டர். அதன் கண்ணாடிச் சட்டங்களுக்கு நடுவே எதையோ செருகியிருந்தது. முக்காலி போட்டு ஏறி உருவினேன். நாலாக மடித்த செய்தித்தாள், அதன்மேல் ஒரு நீலப் பாலிதீன் பை. தாள் ஈரத்தில் நனைந்து உலர்ந்து மொரமொரவென்று இருந்தது. போன வாரம் தங்கியவர்கள் குளிர்காற்று வருகிறது என்று சொன்னார்கள், அதனால் அடைத்தேன் என்றான் பையன். அவன் கண்ணில் நீர் நிறைந்துவிட்டது. அவனை நான் திட்டவில்லை. விருந்தாளிக்குக் குளிர்கிறது என்றதும் ஓடிப்போய் அடைத்த பிள்ளை அவன். கேஸ் எரிய காற்று வேண்டும் என்று யார் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்? கீசரை மாட்டிவிட்டுப் போனவர் சொன்னாரா? கீசருக்கு மேலே சுவரில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாகக் கரி படிந்திருந்தது. சுடர் நீலமாக எரியாமல் மஞ்சளாக எரிந்திருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. தெரிந்தவர் கண்ணில் பட்டிருந்தால் அந்த அறைக்கே பூட்டுப் போட்டிருப்பார்.

வீட்டுக் குளியலறை நமக்குப் பழகியது. இன்றைக்கு என்னவோ போல இருக்கிறதே என்று உடம்புக்குத் தோன்றும். சாலையோர லாட்ஜில் ஒரே இரவு தங்குகிறவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. இருட்டில் வருகிறோம், விடிந்ததும் போகிறோம். ஆகவே பொறுப்பு முழுக்க லாட்ஜ் நடத்துகிறவர்களுடையது. கேஸ் கீசரைக் குளியலறைக்கு வெளியே, திறந்த வெளியில் மாட்டுங்கள், வெந்நீர் மட்டும் குழாயில் உள்ளே வரட்டும். எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதே என்று சமாதானம் சொல்லாதீர்கள். காற்று உள்ளே வர வழி இல்லாத அறையில் அந்த ஃபேன் புகைக்குழாய் வழியாகப் போக வேண்டியதையே திரும்ப உள்ளே இழுத்துவிடக்கூடும். தீப்பிடித்தால் அலறுகிற புகை அலாரம் இதைக் கண்டுபிடிக்காது. கார்பன் மோனாக்சைடுக்கென்று தனி அலாரம் இருக்கிறது. பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் இதே நச்சுக்குக் கூண்டில் கேனரிப் பறவையைக் கொண்டுபோனார்கள், 1986 வரைக்கும். பறவை சாய்ந்தால் ஆட்கள் வெளியே ஓடிவிடுவார்கள். கதவைச் சாத்திக்கொண்டு தனியாகக் குளிக்கிறவருக்குச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

பயணம் போகிறவர்கள் அறைக்குள் நுழைந்ததும் குளியலறையில் தலையை உயர்த்திப் பாருங்கள். உள்ளேயே கேஸ் கீசர் இருந்தால் அதை ஏற்ற வேண்டாம், வாளியில் வெந்நீர் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தலை வலித்தால், சுற்றினால், குமட்டினால் தண்ணீரை நிறுத்திக்கொண்டிருக்காமல் அப்படியே வெளியே வாருங்கள். ஆஸ்பத்திரியில் கீசர் விஷயத்தை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

என் கணவர் நன்றாக இருக்கிறார். இந்த நச்சு ஏறியவர்களுக்கு மறதியும் நடையில் தடுமாற்றமும் சில வாரம் கழித்துக்கூட வரலாம் என்று டாக்டர் எச்சரித்திருந்ததால், ஒன்றரை மாதம் அவர் நடப்பதையும் பேசுவதையும் அவருக்குத் தெரியாமல் கவனித்துக்கொண்டே இருந்தேன். கடற்கரைக்கு நாங்கள் இன்னும் போகவில்லை.

ஆசிரியர் அவர்களே, அடுத்த முறை இப்படி ஒரு செய்தி உங்கள் மேசைக்கு வந்தால், கேஸ் கசிந்ததா, எரிந்ததா என்று உங்கள் நிருபரிடம் கேளுங்கள். எரிந்ததென்றால் 'கார்பன் மோனாக்சைடு' என்று போடுங்கள், காற்று வர வழி இருந்ததா என்றும் ஒரு வரி சேருங்கள். நாலு வரி ஐந்து வரியாகும், அவ்வளவுதான். இந்தக் கடிதம் அச்சானால் வெட்டி அனுப்புங்கள், வரவேற்பு மேசைக்குப் பின்னால் ஒட்டி வைக்கிறேன் என்று அந்த லாட்ஜ் உரிமையாளர் கேட்டிருக்கிறார். கீசரை அவர் போன மாதமே பின்பக்கச் சுவருக்கு வெளியே மாற்றிவிட்டார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி