குரங்கு பழகிக்கும்னு எழுதின அண்ணனுக்கு

எடிட்டர் சாருக்கு வணக்கம். பேர்ணாம்பட்டுல இருந்து எழுதுறேன். போன ஞாயித்துக்கிழமை வாசகர் கடிதத்துல ஒரு அண்ணன் எழுதியிருந்தாரு, அமேசான் காடு உலகத்துக்கே நுரையீரல், நாம இழுக்கிற ஆக்ஸிஜன்ல 20 சதவீதம் அங்கிருந்துதான் வருது, ஆனா பயப்படாதீங்க, ஒரு மரம் வெட்டினா பத்து மரம் நட்டுட்டா கணக்கு நேராயிடும், அங்க இருக்கிற குரங்கு தவளையெல்லாம் காலத்துக்கு ஏத்த மாதிரி பழகிக்கும், டார்வினே அதத்தான் சொல்லியிருக்காருன்னு. டீக்கடையில ஒருத்தர் சத்தமா படிச்சாரு, எல்லாரும் தலையாட்டினாங்க, எனக்குதான் டீ உள்ள இறங்கல. அவரு நல்ல மனசோடதான் எழுதியிருக்காரு, அதுல சந்தேகமே இல்ல.

ஆக்ஸிஜனை சீக்கிரம் முடிச்சிடறேன். காடு ஆக்ஸிஜன் விடுது, சரி. ஆனா அந்த மரங்க சுவாசிக்கிறதுக்கும், கீழ விழுந்த இலை தழை மக்கறதுக்கும் ஏறக்குறைய அத்தனையும் அங்கேயே செலவாயிடுது, மிச்சம்னு பாத்தா ஒண்ணும் தேறாது. காத்துல இருக்கிற 21 சதவீதம் கோடிக்கணக்கான வருஷமா சேந்த சேமிப்பு. அமேசான் போனா பேர்ணாம்பட்டுல யாருக்கும் மூச்சு முட்டாது சார். போறது வேற. மழை போகும், மரத்துலயும் மண்ணுலயும் இருக்கிற கார்பன் வானத்துக்குப் போகும், உலகத்துல வேற எங்கயும் இல்லாத உசுருங்க பேர் கூட வைக்காமலே போயிடும்.

இப்ப அந்த 'பழகிக்கும்' கதை. இதுதான் எனக்கு ரொம்ப உறுத்துது, ஏன்னா படிச்சவங்களே இப்படித்தான் சொல்றாங்க. டிடிடி அடிச்ச காலத்துல முதல்ல கொசு கொத்து கொத்தா செத்துச்சு, அப்புறம் சாகறது குறைஞ்சு போச்சுல்ல, அது ஏதோ ஒரு கொசு மருந்தை மோந்து மோந்து உடம்பை தேத்திக்கிச்சுன்னு நினைக்கிறோம். அப்படி இல்ல. ஆயிரம் கொசுல ரெண்டு மூணுக்கு பொறப்புலயே அந்த மருந்து ஏறாது, மத்ததெல்லாம் செத்துடும், இந்த ரெண்டு மூணு போட்ட முட்டைதான் அடுத்த கூட்டம். ரெண்டு வாரத்துல ஒரு தலைமுறை ஓடுற கொசுவுக்கு அது நடக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையில மட்டும் இருக்கிற சிங்கவால் குரங்கு ஆறேழு வயசுலதான் முதல் குட்டி போடுது, அதுவும் ஒண்ணே ஒண்ணு. மரம் அறுக்கிற மெஷின் அதுக்காக காத்திருக்குமா?

வால்பாறையில அந்தக் குரங்கு ரோட்டுல இறங்கி நடக்குது, லைன் வீட்டு சமையல்கட்டுல புகுந்து சாப்பிடுது, பாத்தியா மாறிடுச்சுன்னு ஒருத்தர் என்கிட்டயே சொன்னாரு. அது மாறல சார், பசி. நூறு வருஷத்துக்கு மேல அங்க காட்டை டீ எஸ்டேட்டா ஆக்கியாச்சு, மரத்து உச்சியிலேயே கிளைக்கு கிளை தாவி வெடிப்பலா தின்னுட்டு இருந்த ஜீவன் வேற வழியில்லாம தரைக்கு வந்து வண்டியில அடிபடுது. அதனாலதான் ரோட்டுக்கு மேல கயித்துப்பாலம் கட்டி விட்டிருக்காங்க.

மரம் நடுறதைப் பத்தி தோல் ஊர்க்காரனுக்கு ஒரு சொந்தக்கதை இருக்கு. எங்கப்பா தோல் ஷாப்ல வேலை பாத்தவரு. ஆவாரம்பட்டை, கடுக்காய், அப்புறம் மூட்டை மூட்டையா வாட்டில் பட்டை, அந்த வாசனை அவரு சட்டையில எந்நேரமும் இருக்கும். அந்த வாட்டில் ஆஸ்திரேலியா மரம், வெள்ளைக்காரன் கொண்டாந்தது. அப்புறம் நம்மாளுங்களும் தோல் பதனிட பட்டை வேணும்னு ஊட்டி, கொடைக்கானல் பக்கம் மலைமேல இருந்த புல்வெளியை 'சும்மா கிடக்கிற இடம்'னு நினைச்சு நட்டுத் தள்ளினாங்க. பின்னாடி நம்ம ஊர்ல தோல் பதனிட பட்டைக்கு பதிலா குரோமியம்னு ஒரு கெமிக்கல் வந்துடுச்சு (அது பாலாத்தை என்ன பண்ணுச்சுன்னு தனி கடிதம் எழுதணும்), பட்டைக்கு கிராக்கி போச்சு, மரம் போகல. விதை பல வருஷம் மண்ணுல உசுரோட கிடக்கும், வெட்டினாலும் எரிச்சாலும் முளைக்கும். வரையாடு மேஞ்ச புல்லும் போச்சு, பக்கத்து சோலையும் சுருங்குச்சு. டூர் போறவங்க அதைப் பாத்துட்டு ஆஹா என்ன பச்சைன்னு செல்ஃபி எடுக்கிறாங்க. நம்ம ஏரியில மண்டிக்கிடக்கிற வேலிகாத்தானும் பச்சைதான், அதை யாராவது காடுன்னு சொல்வோமா?

அமேசான்ல கடந்த அம்பது வருஷத்துல சுமார் 17 சதவீதம் போயிருக்கு, பெரும்பங்கு மாடு மேய்க்கத்தான். மாட்டுக்கறிக்குன்னு எல்லாரும் சொல்வாங்க, அந்த மாட்டோட தோலும் விலைக்குத்தான் போகுதுன்னு நம்ம ஊர்க்காரனுக்கு யாரும் சொல்லித் தர வேணாம்.

அண்ணன் ஒரு தவளையைப் பத்தி தெரிஞ்சுக்கணும். இடுக்கி பக்கம் இருக்கு, ஊதா கலர், உப்பின பலூன் மாதிரி உடம்பு, பன்னி மாதிரி மூக்கு. மலையாளத்துல பாதாளத் தவளைங்கறாங்க. வருஷம் பூரா மண்ணுக்குள்ள கரையான் தின்னுட்டு கிடந்துட்டு மழை ஆரம்பிக்கறப்ப சில நாள் மட்டும் மேல வரும். 2003லதான் விஞ்ஞானிங்க அதுக்கு பேரே வெச்சாங்க. அந்தத் தவளைக் குடும்பத்துக்கு நெருங்கின சொந்தக்காரங்க எங்க இருக்காங்க தெரியுமா, கடல் தாண்டி சீஷெல்ஸ் தீவுல! ரெண்டு நிலமும் ஒண்ணா ஒட்டிக்கிட்டு இருந்த காலத்து குடும்பம் அது, டைனோசர் போச்சு, இது இருந்துச்சு. அது வாழுற ஓடையில தடுப்பணை கட்டிட்டு பக்கத்துல பத்து வேப்பங்கன்னு நட்டா கணக்கு எப்படி நேராகும்?

2023ல சென்ட்ரல் பத்தாம் வகுப்பு புக்ல பரிணாமத்தை தூக்கிட்டாங்க. நம்ம ஸ்டேட் போர்டுல இருக்கு, இருந்தும் ட்யூஷன்ல அஞ்சு மார்க் கேள்வியா மனப்பாடம் பண்ணிட்டு தாண்டிடறாங்க. பசங்களை என்ன சொல்ல, உங்க சிறுவர் பக்கத்துலயே குரங்கு குனிஞ்சு நிக்கும், அடுத்தது நிமிரும், கடைசியில மனுஷன் ஈட்டியோட நடப்பான், அந்த வரிசைப் படத்தை ரெண்டு தடவை போட்டுட்டீங்க. எல்லா உசுரும் மனுஷனாக க்யூவுல நிக்குதுன்னுதான் குழந்தை நினைக்கும். நாமளும் இன்னைக்கு இருக்கிற குரங்கும் ஒரே பழைய பாட்டன் வழி வந்த பங்காளிங்க, அவ்வளவுதான்.

அடுத்த வாரம் அந்த இடத்துல பாதாளத் தவளை படம் போடுங்க சார். கலர் மட்டும் பாத்துக்கோங்க, போன மாசம் மயிலே சாம்பல் கலர்லதான் வந்துச்சு.

இப்படிக்கு,
தோல் ஷாப் தொழிலாளி மகன், பேர்ணாம்பட்டு, வேலூர் மாவட்டம்