மேம்பாலத்தில் நின்றுபோன வண்டி

மஞ்சக்குப்பம், கடலூர்
ஞாயிறு இரவு

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமையே வந்துவிட்டது. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து, நேரம் தவறாமல் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்ததில் இன்றுதான் உட்கார முடிந்தது. அம்மா நன்றாக இருக்கிறாள். கறுப்புக் கண்ணாடியோடு வாசல் திண்ணையில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களை எல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். உன்னையும் விசாரித்தாள். சின்னவளுக்குப் பரீட்சை முடிந்தது. மற்றபடி வீட்டில் புதிதாக ஒன்றும் இல்லை.

நாலு பக்கம் ஊர்ச் சேதி எழுதிவிட்டுக் கடைசியில் இரண்டே வரி எழுதியிருந்தாயே, அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். "அரும்பார்த்தபுரம் மேம்பாலத்தில் ஏறும்போது வண்டி நின்னுபோச்சு, பின்னாடி எல்லாரும் ஹாரன் அடிச்சாங்க, இனிமே நான் ஸ்டியரிங்கைத் தொடப்போறதில்ல." படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. எனக்கும் அதேதான் நடந்தது, உன்னிடம் சொன்னதில்லை.

திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோடு சுரங்கப்பாதை உனக்குத் தெரியும். இறங்கும்போது ஒன்றும் தெரியாது, ஏறும்போதுதான் வண்டி கனக்கும். முன்னால் போன ஆட்டோ நின்றது, நானும் நிறுத்தினேன். ஆட்டோ கிளம்பியது. நான் கிளட்சை விட்டதும் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்துபோனது. சாவியைத் திருகினேன், மறுபடி அணைந்தது. மூன்றாவது தடவை பின்னால் உருள ஆரம்பித்தது. பின்னால் நின்ற பைக்காரர் கத்தியதும், ஹாரன் சத்தம் சுவரில் பட்டு இரண்டு மடங்காகக் கேட்டதும் இன்னும் என் காதில் இருக்கிறது. ஒருவழியாக மேலே வந்து, ஓரமாக நிறுத்தி, அரை மணி நேரம் அழுதேன்.

பிறகுதான் யோசித்தேன். அன்று என் காலுக்குக் கிளட்ச் தெரியாமல் இல்லை. மைதானத்தில் அதே காலால் அழகாகத்தான் எடுத்தேன். ஹாரன் கேட்டதும் என் கவனம் முழுக்கப் பின்னால் போய்விட்டது, அவர்களைக் காக்க வைக்கிறோமே என்று கால் அவசரப்பட்டது. அவ்வளவுதான் நடந்தது. உனக்கும் அதுதான் நடந்திருக்கிறது. ஹாரன் அடிக்கிறவருக்கு அவசரம், அது அவர் பாடு. நீ பதில் சொல்ல வேண்டியது உன் வண்டிக்கு மட்டும்தான். வண்டி நின்றால் கால் பிரேக்கை அழுத்து, ஹேண்ட் பிரேக்கை இழு, நியூட்ரலுக்குக் கொண்டு வா, மூச்சை விடு, அப்புறம் ஸ்டார்ட் பண்ணு. ஹேண்ட் பிரேக் பிடித்திருக்கிறவரை வண்டி பின்னால் உருளாது. பின்னால் இருப்பவர் பத்து விநாடி காத்திருந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

மேட்டில் எடுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது, டிரைவிங் ஸ்கூலில் எனக்கு அதைச் சொல்லித் தரவே இல்லை. ஹேண்ட் பிரேக் இழுத்தபடியே இருக்கட்டும். முதல் கியர் போட்டு, கிளட்சை மெல்ல மேலே விடு. ஓர் இடத்தில் இன்ஜின் சத்தம் கொஞ்சம் கீழே இறங்கும், பானெட் லேசாக மூக்கைத் தூக்கும், சீட்டுக்கு அடியில் ஒரு நடுக்கம் தெரியும். கிளட்ச் பிடிக்கிற இடம் அதுதான். காலை அங்கேயே நிறுத்தி, ஆக்சிலேட்டரைத் துளி அழுத்தி, ஹேண்ட் பிரேக்கை விடு. வண்டி தானாக மேலே போகும். இதை மேம்பாலத்தில் பழகாதே, ஆபத்து. உங்கள் அபார்ட்மென்டில் கீழே கார் நிறுத்துமிடத்திலிருந்து தெருவுக்கு ஏறும் சரிவு இருக்கிறதே, மத்தியானம் ஆள் நடமாட்டம் இல்லாதபோது அண்ணனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அங்கே பழகு.

அதற்கும் முன்னால், சமதளத்தில் ஆக்சிலேட்டரையே தொடாமல் கிளட்சை மட்டும் விட்டு வண்டியை நகர்த்திப் பழக வேண்டும். நகர்ந்ததும் நிறுத்து, மறுபடி நகர்த்து. நான் மஞ்சக்குப்பம் மைதானத்தின் ஓரத்தில் விடியற்காலையில் ஒரு வாரம் இதை மட்டுமே செய்தேன். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் பார்த்துக்கொண்டே போனார்கள். நாலாவது நாள் காலுக்கே அந்த இடம் தெரிந்துவிட்டது, நான் நினைக்க வேண்டியதில்லை. தையல் மெஷினில் மிதி பழகியது போலத்தான்.

டிரைவிங் ஸ்கூலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அங்கே மாஸ்டர் பக்கமும் கிளட்ச், பிரேக் இருக்கும். பயந்தவர்கள் என்றால் அவரே அழுத்திவிடுவார். நாம் ஓட்டுகிறோம் என்று நினைத்துக்கொள்வோம், ஓட்டுவதோ அவர் கால். பதினைந்து நாள் முடிந்து சொந்த வண்டியில் உட்கார்ந்தால் ஒன்றுமே தெரியாத மாதிரி இருக்கும், நமக்கு வராது என்று நாமே முடிவு கட்டிவிடுவோம். எனக்கு அதில் இன்னும் வருத்தம் இருக்கிறது. "இன்னிக்கு நீங்க காலை எடுத்துடுங்க மாஸ்டர், அவசரம்னா மட்டும் அழுத்துங்க" என்று முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டும். நீ கேள்.

சீட்டைச் சரிசெய்யாமல் கிளம்பாதே. கிளட்சை அடிவரை மிதித்தாலும் உன் முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்க வேண்டும். நம் உயரத்துக்கு முதுகுக்கு ஒரு தலையணை வைத்தால் தப்பில்லை. வலது கால் ஒன்றுதான் பிரேக்குக்கும் ஆக்சிலேட்டருக்கும். குதிகாலைப் பிரேக்குக்கு நேராகத் தரையில் ஊன்றி, விரல் பக்கத்தை மட்டும் திருப்பிப் பழகு. ஆக்சிலேட்டரை அழுத்தாத நேரமெல்லாம் கால் பிரேக்கின் மேல் இருக்கட்டும். பதற்றத்தில் ஒன்றுக்கு மற்றதை மிதிப்பது இந்தப் பழக்கம் இல்லாததால்தான். நிறுத்தும்போது முதலில் பிரேக், வண்டி நிற்கப்போகும்போதுதான் கிளட்ச். பயத்தில் முதலில் கிளட்சை மிதித்தால் இன்ஜின் பிடி விட்டுப்போய் வண்டி சறுக்கிக்கொண்டு ஓடும்.

இவ்வளவு வருஷம் ஸ்கூட்டி ஓட்டிய நமக்குக் காரில் இடது பக்கம்தான் பிடிபடாது. நான் சில்வர் பீச் போகும் ரோட்டில் விடியற்காலையில் ஓரக் கோட்டை ஒட்டி ஓட்டுவேன். ஒதுக்கி நிறுத்தி, இறங்கிப் போய், இடது சக்கரம் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று பார்ப்பேன். முதல் நாள் ஒரு முழத்துக்கு மேல் தள்ளியிருந்தது. பத்து நாளில் கோட்டின் மேலேயே ஏற்ற முடிந்தது. பார்வை மட்டும் பானெட் மேல் இருக்கக் கூடாது, தூரத்தில் இருக்க வேண்டும். பக்கத்தில் பார்த்தால் ஸ்டியரிங் இங்கும் அங்கும் ஆடும்.

ஓட்டும்போது கண்ணில் படுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போ. "ஆட்டோ நிக்குது, ஆள் இறங்குவாங்க. பஸ் நிக்குது, முன்னாடி குழந்தை குறுக்கே வரலாம்." வாய் பேசும்போது பயம் கொஞ்சம் ஒதுங்கி நிற்கும், கண்ணும் வேலை செய்யும். புதுச்சேரியிலிருந்து இங்கே வரும் கடலூர் ரோட்டுக்கு இப்போது வராதே. தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில் என்று பஸ்காரர்கள் ஒருவரை ஒருவர் முந்துகிற ரோடு அது. 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரு விநாடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடும். முன்னால் போகிற வண்டி ஒரு மரத்தைத் தாண்டியபின் நிதானமாக மூன்று எண்ணி முடித்த பிறகே நீ அந்த மரத்துக்கு வர வேண்டும். மழை என்றால் இன்னும் இரண்டு எண்ணு. நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு டிராக்டர்கள் பின் விளக்கே இல்லாமல் போகும், அதனால் ராத்திரி ஓட்டம் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம்.

எல்.எல்.ஆர்., அதுதான் பழகுநர் லைசென்ஸ், 6 மாதம் செல்லும். நீ எடுத்து இரண்டு மாதம்தான் ஆகிறது. 30 நாள் கழிந்தால் டெஸ்டுக்குப் போகலாம் என்பதற்காக அவசரப்பட வேண்டாம், இன்னும் நாலு மாதம் உன் கையில் இருக்கிறது.

நான் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்று கேட்பாய். போன மழையில் ராத்திரி பதினொரு மணிக்கு அம்மாவுக்கு மூச்சுத் திணறியது. அவர் ஊரில் இல்லை, ஆட்டோ எதுவும் வரவில்லை. நானே அம்மாவைப் பின் சீட்டில் படுக்க வைத்து, சின்னவளைப் பக்கத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லி, அதே சுரங்கப்பாதை வழியாக ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனேன். ஏற்றத்தில் சிக்னலுக்காக நிற்க வேண்டியிருந்தது. பின்னால் யார் ஹாரன் அடித்தார்கள் என்று எனக்கு நினைவே இல்லை. பானெட் மூக்கைத் தூக்கியது மட்டும் நினைவிருக்கிறது. உன் வீட்டில் மாமியாருக்கு எழுபத்தெட்டு, அண்ணனும் வாரத்தில் நாலு நாள் சென்னையில்.

அடுத்த ஞாயிறு முதல் பஸ்ஸில் கிளம்பி ரெட்டியார்பாளையம் வந்துவிடுகிறேன். அம்மாவை என் நாத்தனார் பார்த்துக்கொள்வாள். எனக்கு லைசென்ஸ் இருப்பதால் பக்கத்தில் நான் உட்காரலாம். கூட்டம் வருவதற்கு முன் மேம்பாலத்தில் ஏறி இறங்கி வில்லியனூர் வரை போய்த் திரும்புவோம். நின்றால் நிற்கட்டும், நான் இறங்கிப் பின்னால் வருகிறவர்களைக் கைகாட்டிப் போகச் சொல்கிறேன். பண்ருட்டிப் பலாச்சுளை கொண்டு வருகிறேன். ஹவாய் செருப்புப் போடாதே, பெடலுக்கு அடியில் மாட்டும், வார் வைத்த செருப்பாகப் போட்டுக்கொள். கோபத்தில் எல் போர்டைக் கிழித்துப் போட்டதாக எழுதியிருந்தாயே, முன்னுக்கும் பின்னுக்குமாக இரண்டு புதிதாக வாங்கி ஒட்டி வை.

உன் பழைய பெஞ்சுத் தோழி