வெறுங்கல்லறை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். போன வாரம் தொலைபேசியில் நீ கேட்ட கேள்விக்கு அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. "இங்கே லண்டனில் வைட்ஹால் தெருவில் நடுச்சாலையில் ஒரு வெள்ளைக் கல் நிற்கிறது அம்மா, அதை செனடாப் என்கிறார்கள். நம் தேனாம்பேட்டை செனடாப் ரோடும் இதே சொல்தானா?" என்றாய். அந்த ரோட்டு முனையைக் கடந்துதான் இருபத்திரண்டு வருடம் வேலைக்குப் போய்வந்தேன். பஸ்ஸில் நடத்துநர் அந்தப் பெயரைக் கூவும்போதெல்லாம் காதில் விழுந்ததே தவிர, என்ன பொருள் என்று ஒரு நாளும் கேட்கத் தோன்றவில்லை. நீ கேட்ட பிறகு நூலகத்துக்குப் போய் இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். படித்ததிலிருந்து மனம் ஒரே இடத்தில் நிற்கிறது. அதனால்தான் தொலைபேசியில் சொல்லாமல் எழுதுகிறேன்.

அது கிரேக்கச் சொல். 'கெனோஸ்' என்றால் வெறுமை, உள்ளே ஒன்றும் இல்லாதது. 'தாபோஸ்' என்றால் கல்லறை. லத்தீன் வழியாக, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்திருக்கிறது. கல்லறை மேல் எழுதும் வாசகத்தை எபிடாப் என்கிறார்களே, அதிலும் இதே தாபோஸ்தான் இருக்கிறது. அங்கே கல்லறையின் மேல், இங்கே வெறுங்கல்லறை.

கிரேக்கர்களுக்கு இது வெறும் சொல் அல்ல, வழக்கம். ஏதென்ஸ் நகரம் ஸ்பார்ட்டாவோடு போர் தொடங்கிய முதல் ஆண்டில், கி.மு. 431இல், இறந்த வீரர்களின் எலும்புகளைப் பெட்டிகளில் வைத்து ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள். அந்த வரிசையில் ஒரு பாடை மட்டும் துணி விரித்து, ஆள் இல்லாமல் போனது. உடல் கிடைக்காதவர்களுக்கான பாடை அது. துசிடிடீஸ் என்ற கிரேக்க வரலாற்றாசிரியர் எழுதிவைத்திருக்கிறார். அதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இனி நீ பார்க்கும் கல். முதல் உலகப் போரில் இறந்த வீரர்களின் உடல்களை ஊருக்குக் கொண்டுவருவதில்லை என்று பிரிட்டன் முடிவு செய்திருந்தது. இலட்சக்கணக்கான தாய்மார்களுக்கு அழுவதற்கு ஒரு மேடு கூட இல்லை. 1919 ஜூலை 19 அன்று நடந்த வெற்றி அணிவகுப்புக்காக, எட்வின் லட்யன்ஸ் என்ற கட்டடக் கலைஞர் மரத்தாலும் சாந்தாலும் ஒன்றைச் செய்து நிறுத்தினார். நம் டெல்லி இந்தியா கேட்டை வடித்தவரும் அவரே. ஊர்வலம் முடிந்ததும் எடுத்துவிடலாம் என்றுதான் வைத்தார்கள். ஆனால் சனம் விடவில்லை. அதன் அடியில் பூவாகக் கொண்டுவந்து குவித்தது. அதே இடத்தில் போர்ட்லண்ட் கல்லால் நிரந்தரமாகக் கட்டி, 1920 நவம்பர் 11 அன்று திறந்தார்கள். பெயர் தெரியாத ஒரு வீரனின் உடலைக் கொண்டுவந்து வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அடக்கம் செய்ததும் அதே நாளில்தான். ஓரிடத்தில் உடல் இருக்கிறது, பெயர் இல்லை. இன்னோரிடத்தில் உடலே இல்லை.

அடுத்த முறை போகும்போது அந்தக் கல்லின் விளிம்புகளை உற்றுப் பார். நேர்க்கோடு போலத் தெரிவது எதுவும் நேர்க்கோடு இல்லையாம். நின்ற விளிம்புகளை மேலே நீட்டினால் ஆயிரம் அடி உயரத்தில் ஒன்றாய்க் கூடும். கிடை விளிம்புகள், தரைக்குக் கீழே 900 அடி ஆழத்தில் மையம் வைத்து வரைந்த வட்டத்தின் துண்டுகள். சிலுவையும் வேண்டாம் என்றுவிட்டார் லட்யன்ஸ். இறந்தவர்களில் எல்லா மதத்தவரும் இருந்தார்கள், நம் நாட்டவரும் இருந்தார்கள்.

நம் தேனாம்பேட்டைக்கு வருகிறேன். அங்கே இருந்தது, ஆங்கிலேயர் ஆட்சியில் கவர்னர் ஜெனரலாக இருந்த காரன்வாலிஸ் பிரபுவுக்கான வெறுங்கல்லறை. அவர் 1805இல் காசிப்பூரில் இறந்தார். உடல் அங்கே கங்கைக் கரையில் இருக்கிறது. இங்கே மவுண்ட் ரோட்டு ஓரம் நினைவுக்கு எழுப்பியது, இப்போது அந்த முனையில் இல்லை. சாலைக்குப் பெயர் மட்டும் மிஞ்சியது. கோட்டை அருங்காட்சியகத்தில் அவருடைய பெரிய சிலை நிற்கிறது. 1792இல் திப்பு சுல்தானின் இரண்டு பிள்ளைகளைப் பிணையாக வாங்கிய காட்சியை அதன் பீடத்தில் செதுக்கியிருக்கிறார்கள். தகப்பனிடமிருந்து சிறுவர்களைப் பிரித்ததைப் பெருமையாகக் கல்லில் வடித்ததை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

தமிழில் இந்தச் சொல்லுக்கு 'நினைவுச்சின்னம்' என்று எழுதிவிடுகிறார்கள். மணிமண்டபத்துக்கும் அதே, தூணுக்கும் அதே. நமக்கு நடுகல் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயர் கல் நட்டதைச் சொல்கிறது. உள்ளே அவன் இல்லை என்பதை வாய்விட்டுச் சொல்வது இந்தக் கிரேக்கச் சொல்தான். வெறுங்கல்லறை என்றே தமிழில் எழுதலாம் என்று எனக்குப் படுகிறது.

இதை நான் இவ்வளவு பிடித்துக்கொள்வதற்குக் காரணம் என் அப்பத்தா. உனக்கு முழுக்கதையும் சொன்னதில்லை. அவள் வீட்டுக்காரர் மலேயாவில் பால்மரம் வெட்டப் போனவர். அப்பா அப்போது கைக்குழந்தை. ஜப்பான்காரன் காலத்தில், தோட்டத்திலிருந்து சயாம் ரயில்பாதை வேலைக்கு ஆள் பிடித்தபோது அவரையும் கொண்டுபோனார்கள். சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் பாதை. 1943 அக்டோபரில் முடிந்தது. அதில் போன தமிழர்கள் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. அந்தப் பாதை போட்டுச் செத்த போர்க்கைதிகளுக்குத் தாய்லாந்தின் காஞ்சனாபுரியில் வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கற்கள் உண்டு. என் தாத்தா பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

போர் முடிந்து ஊர் திரும்பிய ஒருவர், "ரயிலில் ஏற்றியதைப் பார்த்தேன், பிறகு பார்க்கவில்லை" என்றார். அவ்வளவுதான் சேதி. ஊர்ப் பெரியவர்கள் தர்ப்பைப் புல்லில் உருவம் செய்து எரித்துக் காரியத்தை முடித்துவிடச் சொன்னார்கள். உடல் கிடைக்காதவர்களுக்கு அப்படிச் செய்வதுண்டு. அப்பத்தா ஒப்பவில்லை. "புல்லைக் கொளுத்திவிட்டு என் தாலியை அறுக்கச் சொல்கிறீர்களா?" என்று கேட்டாளாம். 1979இல் போகும்வரை மஞ்சள் பூசி, கழுத்தில் தாலியோடுதான் இருந்தாள். சுமங்கலியாகவே எடுத்துப்போனார்கள்.

அப்பாவோ தை அமாவாசைக்கு ஒவ்வொரு வருடமும் கோடியக்கரை போய்த் தர்ப்பணம் கொடுத்துவந்தார், அவளுக்குத் தெரியாமல். என்னிடம் மட்டும் சொல்வார். சின்ன வயதில் அவர்கள் இருவரில் ஒருவர் சொல்வதுதான் சரியாக இருக்க முடியும் என்று நினைத்தேன். அப்பா தகப்பனை அனுப்பிவைக்க விரும்பினார். அப்பத்தா அனுப்பமாட்டேன் என்றாள். ஏதென்ஸில் அந்த ஆளில்லாத பாடையைத் தூக்கியவர்கள் வீடுகளிலும் இதே வழக்கு நடந்திருக்கும்.

நவம்பர் இரண்டாம் ஞாயிறு நீ சொன்ன அந்த வைட்ஹால் கல்லருகே கூட்டம் கூடி இரண்டு நிமிடம் மௌனமாக நிற்பார்கள் என்று படித்தேன். உனக்கு விடுமுறை என்றால் போய் ஓரமாக நில். தாத்தா அவர்கள் படையில் சேர்ந்தவர் இல்லை, அந்தக் கல் அவருக்காக வைத்ததும் இல்லை, தெரியும். இருந்தாலும் அவர் பெயரை மனதுக்குள் சொல். இந்தத் தாளின் பின்பக்கத்தில் தெளிவாக எழுதியிருக்கிறேன், அவருடைய அப்பா பெயரும் ஊரும் சேர்த்து.

குளிர் அதிகமாக இருக்கும். காதை மூடிக்கொண்டு போ.

அன்புடன்,
அம்மா