மடு மண்ணும் ஒரு கலியாணமும்

முள்ளியவளை
வைகாசி

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்தபோது வற்றாப்பளைப் பொங்கல் முடிந்து இரண்டு நாள். நித்திரைமுழிப்பு இன்னும் கண்ணில் கிடந்தது. இம்முறையும் சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்துவந்து காட்டா விநாயகர் கோயிலில் உப்புநீரில் விளக்கெரித்தார்கள். சின்ன வயதில் அந்த விளக்கை எட்டிப் பார்த்துவிட்டு, "உள்ளுக்கு எண்ணெய்தான் மச்சான்" என்று நீ குசுகுசுத்தாய், என் அம்மம்மா உன் காதைப் பிடித்துத் திருகினா. வேதக்கார (கத்தோலிக்க) வீட்டுப் பெடியன் என்று அவ காதை விட்டுவைக்கவில்லை. திருகின கையாலேயே பிறகு புக்கையும் தந்தா.

சரி, கலியாணக் கதைக்கு வருகிறேன். உன் மகளுக்குத் தாலி எந்தக் கோயிலில் கட்டுவது, உங்கள் சேர்ச்சிலா, சைவக்கார மாப்பிள்ளை வீட்டாரின் கோயிலிலா என்று இரண்டு வீடும் இழுபடுவதாக எழுதியிருக்கிறாய். (உன் அம்மாவும் ஞாயிறு காலையில் "கோயிலுக்குப் போறன்" என்றுதான் சொல்லுவா. சொல்லளவில் எங்களுக்குள் சண்டையே இல்லை!) "வன்னியில் நாங்கள் இப்படியா இருந்தோம்?" என்றும் கேட்டிருக்கிறாய். அதில் பாதிதான் எனக்கு ஒத்துவருகிறது.

ஒத்துவரும் பாதி, உன் அம்மா தந்த மடு மண். வயலில் பாம்பு கூடின வருசம், மடு மாதா கோயில் மண்ணை ஒரு பால்மா ரின்னில் போட்டு அப்பாவிடம் கொடுத்தா. மாதாவின் மண் இருக்கும் இடத்தில் விஷம் ஏறாது என்பது நம்பிக்கை. அப்பா அதைக் காவற்கொட்டிலில் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்திலேயே வைத்தார். விபூதி பூசிக்கொண்டு, அந்த மண்ணிலும் ஒரு சிட்டிகை எடுத்து வரம்பில் தூவுவார். இது சரியா என்று ஐயரிடமும் கேட்கவில்லை, சுவாமியாரிடமும் கேட்கவில்லை. 2009இல் கடைசி யுத்தத்தில் மாத்தளன் பக்கம் ஓடும்போது அந்த ரின் தொலைந்தது. மீளக் குடியேறிய பிறகு நானே மடுவுக்கு மோட்டார் சைக்கிளில் போய் ஒரு பிடி அள்ளி வந்தேன்.

அந்த மாதா சுரூபமே ஒரு அகதிதான். ஒல்லாந்தருக்குப் பயந்து 1670இல் மாந்தையிலிருந்து எடுத்துக்கொண்டு காட்டுக்குள் வந்தவர்களை வன்னி வைத்திருந்தது. அதே மாந்தையில்தான் போர்த்துக்கேயர் இடித்த திருக்கேதீச்சரமும் இருக்கிறது. இரண்டு கூட்டமும் அடி வாங்கின இடம் அது. அங்கேதான் 2019இல், சிவராத்திரிக்கு முதல் நாள், கோயில் வளைவைக் கத்தோலிக்கர் சிலர் பிடுங்கி எறிந்தார்கள். அன்றைக்கு எங்கள் ஆட்கள் சிலர் பேசின பேச்சை உனக்கு எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. சரியா பிழையா என்று ஒருவரிடமும் கேட்காமல் மாதாவின் மண்ணை வாங்கினவர்கள்தான் நாங்கள். வளைவு, பெயர்ப்பலகை, காணி எல்லை என்று வந்தால் மட்டும் எல்லோரும் விறைத்துப் போகிறோம்.

வெடுக்குநாறிமலைச் சிவன் கோயிலில் 2024 சிவராத்திரி இரவு பூசைக்குப் போன எட்டுப் பேரைப் பொலிஸ் பிடித்ததை நீயும் பார்த்திருப்பாய். அந்தக் கோபம் எனக்கும் இருக்கிறது. ஆனால் அதைப் பேசுகிற வாயால் 1990 ஒக்டோபரையும் பேச வேண்டும். புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, தண்ணீரூற்றில் கடை வைத்திருந்தவர் அப்பாவிடம் திறப்பைக் கொடுத்துவிட்டுப் போனார். நோன்புக் கஞ்சி அனுப்புகிற வீடு அது. அப்பா திறப்பை வாங்கிச் சாமியறையில் தொங்கவிட்டார், அவ்வளவுதான். ஏன் போகச் சொல்கிறீர்கள் என்று எங்கள் ஒழுங்கையில் ஒருவரும் கேட்கவில்லை. பயம்தான், மறுக்கவில்லை. ஆனால் பயம் மட்டும்தானா என்று எனக்கு இன்றைக்கும் தெளிவில்லை. கனகாலம் கழித்து அவருடைய மகன் வந்தபோது, கொடுக்க அப்பாவிடம் திறப்பும் இல்லை, திறக்கக் கடையும் இல்லை. தேத்தண்ணி கொடுத்தார். அந்தப் பெடியன் குடித்துவிட்டு, அப்பாவின் முழங்கால் வருத்தத்தை விசாரித்துவிட்டுப் போனான்.

அதனால்தான் "நாங்கள் ஒற்றுமையாக இருந்தோம்" என்று சம்பந்தி வீட்டில் பேச்சை ஆரம்பிக்காதே. நேரே விஷயத்தைச் சொல். சேர்ச்சில் கட்டுவதென்றால் ஆயரின் அனுமதி எடுக்க வேண்டும், மாப்பிள்ளை மதம் மாறத் தேவையில்லை. பிறக்கும் பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் இயன்றதைச் செய்வேன் என்று உன் மகள் வாக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். அதையும் மறைக்காதே. அவர்களுக்குத் தாலியில் பயமில்லை, பேரப்பிள்ளையை நினைத்துத்தான் பயம். அந்த இடத்தில் நீ எவ்வளவு இளகுவாய் என்பதை முதலில் உனக்குள்ளேயே கேட்டுப்பார். இளக முடியாதென்றால் அதையும் சொல்லிவிடு, பிறகு தெரியவந்தால்தான் வெட்டுக்குத்து.

ஆவணித் திருநாளுக்கு, ஓகஸ்ட் 15க்கு, மடுவுக்கு வருவதாக எழுதியிருந்தாய். என் ரின்னில் மண் அடியில்தான் கிடக்கிறது. மாப்பிள்ளைப் பெடியனையும் கூட்டிக்கொண்டு வா. கொட்டில் போட்டுச் சமைக்க விறகு பொறுக்க ஆள் வேண்டும், உனக்கும் எனக்கும் இனி இடுப்பு வளையாது.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்