மழையை மழையாக விட்ட மந்திரவாதி

கோத்தகிரி,
மே மாதம்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. மதுரை வெயிலைப் பற்றி நீ எழுதியதைப் படித்ததும் உடனே கிளம்பி வா என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் இப்போது வேண்டாம். சீசன் உச்சத்தில் இருக்கிறது. வெளியூர் வண்டிகள் மலையேற இ-பாஸ் என்ற அனுமதிச் சீட்டு வந்த பிறகும் சனி, ஞாயிறுகளில் மலைப்பாதையில் வண்டிகள் ஊர்ந்துதான் வருகின்றன. ஊட்டி மலர்க் கண்காட்சி, குன்னூர் பழக் கண்காட்சி எல்லாம் முடிந்து கூட்டம் வடியட்டும். ஜூன் பிறந்ததும் வா.

அவருக்கு மூட்டு வலி கொஞ்சம் பரவாயில்லை. பேரன் வந்து போய்விட்டான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் ஏப்ரல், மே வந்தால் மனசு தானாகவே லீவுக்குத் தயாராகிவிடுகிறது, உனக்கும் அப்படித்தானே? மத்தியானம் மழை பிடித்தால் கரண்ட் போய்விடும். அது வரைக்கும் படம், அப்புறம் எமர்ஜென்சி விளக்கில் புத்தகம்.

இந்த வயதில் மந்திரவாதிக் கதையும் பாட்டுப் படமும்தானா என்று கேட்டிருந்தாய். ஆமாம், அவைதான். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய 'எ விசர்ட் ஆஃப் எர்த்சீ' நாவலை இப்போதுதான் படித்து முடித்தேன். தீவுகளால் ஆன ஒரு உலகம். ஆடு மேய்க்கும் பையன் ஒருவன் மந்திரவாதியாகிறான். அவன் செம்பழுப்பு நிறத்தவன், அவனுடைய உயிர் நண்பன் நல்ல கறுப்பு. அந்தக் காலத்து ஆங்கில மாயக்கதையில் இதைப் பார்த்ததே எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆரம்பத்தில் அவன் ஒரு பெரிய மந்திரவாதியிடம் சீடனாகப் போகிறான். இருவரும் மலைவழியே நடக்கும்போது மழை பிடித்துக்கொள்கிறது. அந்த ஊரில் வானிலை மந்திரம் தெரிந்தவர்கள் மேகத்தை அடுத்த ஊருக்குத் தள்ளிவிடுவார்கள். இவரோ ஒன்றுமே செய்யாமல், அடர்ந்த ஒரு மரத்தடியைத் தேடிப் படுத்துக்கொள்கிறார். பையனுக்கு எரிச்சல். இவ்வளவு சக்தி இருந்து என்ன பிரயோஜனம் என்று நினைக்கிறான்.

பதில் அவன் மந்திரப் பள்ளிக்குப் போன பிறகு வருகிறது. ஒரு தீவில் மழையை வரவழைத்தால் இன்னொரு தீவில் வறட்சி வரலாம் என்கிறார்கள் ஆசிரியர்கள். மல்லிகா, நம் மலையில் உட்கார்ந்து இதைப் படிக்க வேண்டும். இங்கே பெய்கிற மழைதான் ஓடையாக இறங்கி பவானிசாகரில் போய்ச் சேர்கிறது. அதை நம்பித்தான் கீழே வயல்கள் இருக்கின்றன. இதையே பாடமாக எழுதியிருந்தால் தலையாட்டிவிட்டு மறந்திருப்பேன். மழையில் நனைந்தபடி சும்மா படுத்திருக்கும் அந்த மனிதரை மறக்க முடியவில்லை.

யோசித்துப் பார், நாம் அம்புலிமாமாவில் வளர்ந்தவர்கள். வேதாளத்துக்கும் ஒரு கணக்கு இருந்ததே! பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும், சொன்னால் மௌனம் கலைந்து வேதாளம் மரத்துக்குத் திரும்பிவிடும். எதை வேண்டுமானாலும் மந்திரத்தால் சாதிக்கலாம் என்கிற கதைகள் எனக்குப் பத்துப் பக்கத்திலேயே அலுத்துவிடுகின்றன. விக்கிரமன் மாதிரி சிக்கிக்கொள்கிறவனைத்தான் கடைசிவரை தொடர முடிகிறது.

சரி, படத்துக்கு வருகிறேன். 'சிங்கிங் இன் தி ரெயின்' பார்த்தேன், 1952இல் வந்தது. மௌனப் படம் பேசும் படமாக மாறுகிற காலத்துக் கதை. நட்சத்திர நடிகைக்குக் கீச்சுக்குரல். அவளுக்காக இன்னொரு பெண் மறைவில் நின்று குரல் கொடுக்கிறாள். கடைசியில் மேடையில் திரையை இழுத்து, பாடுவது யார் என்று ஊருக்கே காட்டிவிடுகிறார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம்தான் தெரிந்தது, குரல் கொடுக்கும் பெண்ணாக நடித்த டெப்பி ரெனால்ட்ஸுக்கே அந்தப் படத்தில் ஒரு பாட்டை பெட்டி நோய்ஸ் என்ற பாடகி பாடியிருக்கிறார். படத்தில் அவர் பெயர் இல்லை.

மார்னி நிக்சன் கதையும் அப்படித்தான். 'தி கிங் அண்ட் ஐ' படத்தில் டெபோரா கெர்ருக்கும், 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யில் நடாலி வுட்டுக்கும், 'மை ஃபேர் லேடி'யில் ஆட்ரி ஹெப்பர்னுக்கும் பாடியவர். மூன்றிலும் திரையில் பெயர் போடவில்லை. ஊட்டி அசெம்பிளி ரூம்ஸில் நாம் சேர்ந்து பார்த்த 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' ஞாபகம் இருக்கிறதா? அதில் வரும் கன்னியாஸ்திரிகளில் ஒருவர் அவர்தான்! நமக்கோ நடிகையின் முகத்தைப் பார்க்கும்போதே இது சுசீலாவின் குரல் என்று தெரியும், அதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. சிறந்த பின்னணிப் பாடகிக்கான முதல் தேசிய விருதே அவருக்குத்தான் கிடைத்தது, 'உயர்ந்த மனிதன்' படத்துக்காக. இந்த ஒரு விஷயத்தில் நம் சினிமா நியாயமாக நடந்துகொண்டது என்று எனக்குப் பெருமைதான்.

'சவுண்ட் ஆஃப் மியூசிக்'கையும் மறுபடி போட்டுப் பார்த்தேன். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்த மரியாவை வேலையைவிட்டுப் போகச் சொல்லிவிடுகிறார் அவர்களுடைய அப்பாவான கேப்டன். அந்த நேரம் வீட்டுக்குள்ளிருந்து பிள்ளைகள் பாடுவது கேட்கிறது. உள்ளே போனவர், பாட்டையே வீட்டைவிட்டு ஒதுக்கி வைத்திருந்தவர், தானும் சேர்ந்து பாடுகிறார். வெளியே வந்ததும் மரியாவை இருக்கச் சொல்கிறார். எவ்வளவு வசனம் எழுதினாலும் அந்த மனமாற்றம் நம்பும்படி வந்திருக்காது. இப்போது நம் படங்களில் பாத்திரங்கள் வாய் திறந்து பாடுவது குறைந்து, பாட்டு பின்னால் ஓடுகிறது. எனக்கு அது பெரிய இழப்பாகத் தெரிகிறது. நீ என்ன நினைக்கிறாய், எழுது.

எர்த்சீ புத்தகத்தை உனக்காக எடுத்து வைத்திருக்கிறேன். உன் வீட்டுப் பரணில் அம்மா பைண்ட் செய்து வைத்த அம்புலிமாமா இருந்தால் ஒரு கட்டு கொண்டுவா, செல்லரிக்காமல் இருந்தால் போதும். மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறியதும் போன் பண்ணு, அவர் ஸ்டாண்டுக்கு வந்துவிடுவார்.

அன்புடன்,
கோமதி