கல்லைத் தேர்ந்தெடுக்கும் கண்

ஆசிரியருக்கு வணக்கம்.

நிலவுக்கு மனிதரை அனுப்புவது வீண் செலவு, அறிவியலுக்கு ரோபோக்களே போதும் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். செலவுக் கணக்கை நான் மறுக்கவில்லை. சந்திரயான்-3 சுமார் 600 கோடி ரூபாயில் முடிந்தது. நிலவில் மனிதரை இறக்கிய அமெரிக்காவின் அப்பல்லோ திட்டமோ அந்தக் காலத்திலேயே 2,500 கோடி டாலருக்கு மேல் விழுங்கியது. ஆனால், கொடி நட்டதைத் தவிர அதனால் என்ன கிடைத்தது என்ற கேள்வியை, நிலவியல் பாடம் நடத்தியே காலம் கழித்த என்னால் அப்படியே விட்டுவிட முடியவில்லை.

கிடைத்தது 382 கிலோ கல்லும் மண்ணும். அதே காலத்தில் சோவியத்தின் மூன்று ஆளில்லா லூனா கலங்கள் கொண்டுவந்தது எல்லாம் சேர்த்துச் சுமார் 300 கிராம். எடை கிடக்கட்டும், எடுத்த விதத்தைப் பாருங்கள். லூனாவின் துளைக்கருவி தான் இறங்கிய இடத்தில் எட்டியதை அள்ளியது. 1972 டிசம்பரில் அப்பல்லோ-17இல் சென்ற ஹாரிசன் ஷ்மிட் ஒரு நிலவியலாளர். ஷார்ட்டி என்ற பள்ளத்தின் விளிம்பில் தம் காலணி கிளறிய சாம்பல் மண்ணுக்கடியில் ஆரஞ்சு நிறம் தெரிவதைக் கண்டார். அங்கே நிற்க நேரம் மிகக் குறைவு. இருந்தும் குறுக்காகத் தோண்டி, ஆரஞ்சு மண்ணையும் அதன் இருபுறத்துச் சாம்பல் மண்ணையும் தனித்தனியே எடுத்தார். உடன் சென்ற செர்னான் ஆழத்து மண்ணுக்காகக் குழாய் அடித்து இறக்கினார். அந்த ஆரஞ்சு மண், சுமார் 350 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலை பீறிட்டபோது உருவான கண்ணாடி மணிகள். அந்த மண்ணின் படிகங்களுக்குள் சிக்கியிருந்த பாறைக்குழம்புத் துளிகளில் 2011இல் நீர் கண்டறியப்பட்டது. நிலவின் உட்புறம் துளி ஈரமும் அற்றது என்ற நெடுநாள் எண்ணம் ஆட்டம் கண்டதில் அந்த மண்ணுக்குப் பெரும் பங்கு உண்டு.

அப்பல்லோ-15இன் ஸ்காட்டும் இர்வினும் விமானிகள்தாம். லீ சில்வர் என்ற பேராசிரியர் அவர்களை மலைமலையாக அழைத்துச் சென்று பாறை பார்க்கப் பழக்கியிருந்தார். அதனால்தான் பாறைக்குழம்பில் மிதந்து மேலேறி நிலவின் ஆதி மேலோடாக உறைந்த அனார்த்தோசைட் என்ற வெண்மையான கல்லைக் கண்டதும் அதன் அருமை அவர்களுக்குத் தெரிந்தது. நம் சந்திரயான்-3இன் ஊர்தியான பிரக்யான் 2023இல் தென்துருவப் பகுதியில் அளந்த தனிம விகிதங்கள், நிலவு ஒருகாலத்தில் பாறைக்குழம்புக் கடலாக இருந்தது என்ற கருத்துக்கு வலுச் சேர்த்தன. அந்தக் கருத்து பிறந்ததே அப்பல்லோ-11 கொண்டுவந்த மண்ணில் இருந்த அனார்த்தோசைட் துணுக்குகளிலிருந்துதான்.

ரோபோக்களைக் குறைத்துச் சொல்லவில்லை. நிலவின் பரப்பெங்கும் நீரின் தடயம் இருப்பதைச் சந்திரயான்-1 சுற்றுப்பாதையிலிருந்தே காட்டியது. அப்பல்லோ வீரர்கள் எவரும் இறங்காத மறுபக்கத்திலிருந்து 2024இல் சீனாவின் ஆளில்லாக் கலமான சாங்’இ-6 கிட்டத்தட்ட இரண்டு கிலோ மாதிரிகளைக் கொண்டுவந்துவிட்டது. அதற்கு முன் சாங்’இ-5 எடுத்துவந்த எரிமலைப் பாறை சுமார் 200 கோடி ஆண்டு வயதுடையது. அப்பல்லோவின் எரிமலைப் பாறைகளில் அவ்வளவு இளையது இல்லை. எங்கே போவது என்பதில் இயந்திரம் மனிதரை முந்திவிட்டது. போன இடத்தில் எதை எடுப்பது என்பதில் இன்னும் முந்தவில்லை. பிரக்யான் ஓடியது சுமார் 100 மீட்டர். ஷ்மிட்டும் செர்னானும் மூன்றே நாளில் தங்கள் வண்டியில் சுமார் 35 கிலோமீட்டர் சுற்றினார்கள்.

ஆகவே, மாதிரி எடுத்துவரும் சந்திரயான்-4க்கு 2024இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது சரியான வரிசை. முதலில் அது நடக்கட்டும். 2040க்குள் இந்தியரை நிலவில் இறக்கும் திட்டத்தைக் கைவிடச் சொல்வதற்குப் பதில், அந்தக் குழுவில் நிலவியலாளர் ஒருவருக்கு இடம் வேண்டும் என்று கேட்போம். அப்பல்லோவில் நிலவில் நடந்த 12 பேரில் அறிவியலாளர் ஒருவரே. அந்தக் குறை நம் திட்டத்தில் வேண்டாம்.

பயிற்சிக்கு இடம் தேடி அலைய வேண்டியதில்லை. சந்திரயான்-2க்காகச் செயற்கை நிலவு மண் தயாரிக்க இஸ்ரோ அனார்த்தோசைட் எடுத்தது எங்கள் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில்தான். விண்வெளி வீரர்களை இப்போதிருந்தே அங்கே அழைத்து வந்து, சுத்தியலும் உருப்பெருக்கியும் கொடுத்துப் பாறை பார்க்கப் பழக்க வேண்டும் என்று இஸ்ரோவைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற நிலவியல் ஆசிரியர்,
நாமக்கல்