பாதிப் பணத்தை முன்னதாகவே அனுப்புங்கள்

மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவின் மாயா பழங்குடிப் பெண்கள் நெய்யும் துணிகளை நியாய விலைக்கு வாங்கி விற்கும் நியாய வணிக நிறுவனத்தாருக்கு,

வணக்கம். நீங்கள் தரும் விலையைப் பற்றி எனக்குப் பெரிய புகார் இல்லை. அந்தப் பணம் எப்போது போய்ச் சேருகிறது என்பதைப் பற்றித்தான் இந்த மடல்.

அந்தப் பெண்கள் இடுப்புத் தறியின் ஒரு நுனியை மரத்திலோ தூணிலோ கட்டுகிறார்கள். மறுநுனியிலுள்ள வாரை இடுப்பைச் சுற்றிப் போட்டுக்கொண்டு உட்காருகிறார்கள். பின்னால் சாய்ந்தால் பாவு, அதாவது நீளவாக்கு நூல், இறுகும், முன்னால் வந்தால் தளரும். நெய்பவரின் உடம்பே தறியில் பாதி. பூவேலை நெருக்கமாக உள்ள ஓர் உய்பில், அதாவது அவர்கள் உடுத்தும் மேல்சட்டை, முடிய மாதக்கணக்கில் ஆகும். சமையல், பிள்ளைகள், சோளக்கொல்லை எல்லாம் போக மிஞ்சும் நேரத்தில்தானே நெய்யமுடியும்? அதுவரை நூலில் போட்ட காசு முடங்கிக் கிடக்கும். சரக்கு வந்தபிறகுதான் பணம் என்றால் கடன் வாங்கித்தான் நூல் வாங்கவேண்டும். அப்புறம் வட்டி கூலியைத் தின்றுவிடும்.

நான் புதிதாக எதுவும் கேட்கவில்லை. கைவினைஞர்கள் கேட்டால் குறைந்தது 50 சதவீதம் வட்டியில்லா முன்பணம் தரவேண்டும் என்று உலக நியாய வணிக அமைப்பின் கொள்கையே சொல்கிறது. சரி, ஒன்றிரண்டு வாடிக்கையாளர்களையே நம்பியிருக்கும் குழு எப்படி வாய்திறந்து கேட்கும்? ஆர்டர் வேறு ஊருக்குப் போய்விடுமோ என்ற பயம் இருக்காதா?

கெட்சால்தெனாங்கோ நகரிலுள்ள த்ராமா டெக்ஸ்டைல்ஸ் கூட்டுறவு 1988இல், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோதே தொடங்கியது. 1960 முதல் 1996 வரை நீண்ட அந்தப் போரில் சுமார் இரண்டு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் போனார்கள். அடையாளம் தெரிந்தவர்களில் 83 சதவீதம் மாயா மக்கள் என்று உண்மை அறியும் ஆணையம் 1999இல் சொன்னது. கணவனை, தகப்பனைப் பறிகொடுத்த பெண்களுக்குக் கைகொடுத்தது நெசவுதான். ஐந்து மலை மாவட்டங்களின் குழுக்கள் அதில் சேர்ந்தன. முதலாளி கிடையாது, சங்கம் அவர்களுடையது. அதனாலேயே நூலுக்கு முதல் போடவும் பணக்காரர் யாரும் இல்லை.

மாயா வடிவங்களை நகலெடுத்து விற்பது தனி வழக்கு. அதை நெசவாளப் பெண்களே 2016இல் அரசியல் சாசன நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். உங்களிடம் நான் கேட்பது அதைவிட எளிது.

அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல், ஆர்டர் போடும்போதே பாதித் தொகையை அனுப்புங்கள். நடுவில் ஆர்டரை ரத்து செய்தால் அதுவரை நெய்ததற்குக் கணக்குத் தீர்த்துவிடுங்கள். எத்தனை ஆர்டருக்கு முன்பணம் போனது என்பதை ஆண்டறிக்கையில் போடுங்கள். வாங்குகிறவர்கள் படிக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்